மஞ்சள்பொடியும் ரேடியேட்டரும்

மும்பைத் தமிழர்களில் ஒரு தலைமுறை கார் ஓட்டப் பழகியபோது, நின்றுபோன வண்டியைக் கிளப்பவும் சேர்த்தே பழகிக்கொண்டது. 2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்சியும் இந்நகரச் சாலைகளிலிருந்து விடைபெற்றுவிட்டது. அந்தக் காலத்துக் கைவைத்தியங்கள் மட்டும் விடைபெறவில்லை. இங்குள்ளோர் இதை 'ஜுகாட்' என்பார்கள். இப்போது அதை ஏதோ தேசியப் பெருமை போலப் பேசுகிறோம். என்னால் முழுமனதோடு கொண்டாட முடியவில்லை.

அறிவுள்ள வைத்தியங்களும் உண்டு, மறுக்கவில்லை. மே மாத வெயிலில் கண்டாலா காட் ஏறும்போது எஞ்சின் திணறி நின்றால், பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவோம். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. குளிர்ந்தால் ஆவி மறுபடி திரவமாகும், வண்டி கிளம்பும். (இன்றைய கார்களில் பம்ப் டாங்குக்குள்ளேயே இருப்பதால் ஈரத்துணிக்கு வேலையில்லை.) டாங்க் லேசாகக் கசிந்தால் சலவை சோப்பைத் தேய்த்து அடைப்போம், சோப்பு பெட்ரோலில் கரையாது. அறுந்த ஃபேன் பெல்ட்டுக்குப் பதில் பழைய புடவையைக் கிழித்து முறுக்கிக் கட்டி, அடுத்த ஊர்வரை ஊர்ந்து போன குடும்பங்களை நான் அறிவேன். ரேடியேட்டர் ஒழுகினால் சமையல் கூடையிலிருந்து மஞ்சள்பொடி வரும். நம் வீட்டுப் பெண்கள் அது இல்லாமல் பயணம் கிளம்பியதுண்டா?

தொல்லை ஆரம்பிப்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான். "ஓடுகிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். மஞ்சள்பொடி ஓட்டையை மட்டுமா அடைக்கும்? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். பிறகு எஞ்சின் கொதிக்கும்போது வண்டியைத் திட்டுவோம்.

அதாவது பணச்செலவோடு போகும். ஃப்யூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வயர் எரியாமலிருக்கத் தான் முதலில் எரிவதுதான் ஃப்யூஸின் வேலை. அதை எரியவிடாமல் செய்தால் வயர் எரியும். அந்த வயர் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வண்டிக்குள்தான் ஓடுகிறது. பிரேக் ஆயில் குறைந்தால் எஞ்சின் ஆயிலையோ சோப்புத் தண்ணீரையோ ஊற்றுவோரும் இருக்கிறார்கள். எஞ்சின் ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும். தண்ணீரோ, காட் இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். பெடல் அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. பிரேக்கில் கோளாறு என்றால் கயிறு கட்டிக்கூட இழுக்கக் கூடாது. வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரியை வரவழைக்க வேண்டும். நாலு மணி நேரம் காத்திருந்தால் குடியா முழுகிவிடும்?

எங்கள் கட்டிடத்து அன்பர் ஒருவர் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குக் காரிலேயே கிளம்பினார். 1,500 கிலோமீட்டருக்கு மேல். "ரெண்டு வருஷமா இப்படியே ஓடுது சார்" என்று வெள்ளித்தாள் சுற்றிய ஃப்யூஸை என்னிடம் பெருமையாகக் காட்டினார். மறுநாள் நானே கடையில் புது ஃப்யூஸ்கள் வாங்கிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே டிக்கியில் போட்டுக்கொண்டார். மாட்டினாரா என்று திரும்பி வந்ததும் கேட்க வேண்டும்.