கார்க் கழண்டா கடாசிடுவீங்களா?

"ம்யூட்ல கார்க் கழண்டுடுச்சா? விடு மச்சி, புதுசு வாங்கிக்கலாம்."

இந்த டயலாக்கை இந்த வருஷம் மட்டும் ஏழெட்டு பேர் வாயில கேட்டாச்சு. சொன்னவங்கள்ல பாதி பேர் மெக்கானிக்கல் படிக்கிறவங்க. மீதி பேர் ஒரகடத்துல காரும் லாரியும் பைக்கும் பண்ற கம்பெனிகள்ல வேலை பாக்கறவங்க. இத்தனை பேர் சேர்ந்தும் ஒரு துண்டு தக்கையை ஒட்டத் தெரியலைன்னா சிரிக்கிறதா அழறதான்னு எனக்குத் தெரியலை. அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல ம்யூட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. டிரம்பெட்டோட விரிஞ்ச வாய் இருக்குல்ல, அதுக்குள்ள சொருகற கூம்பு. அலுமினியம், பித்தளை, பிளாஸ்டிக், கெட்டி அட்டை மாதிரி ஃபைபர்னு பலதுலயும் வரும். ஸ்ட்ரெயிட் ம்யூட்ல பக்கவாட்டுல மூணு கார்க் பட்டை ஒட்டியிருக்கும். அந்த மூணுக்கும் நடுவுல இருக்கற சந்து வழியாத்தான் காத்தும் சத்தமும் வெளிய வருது. ஹார்மன் ம்யூட் கதையே வேற. அதுல கார்க் சுத்தி வளையமா இருக்கும், சந்துங்கற பேச்சுக்கே இடமில்லை. மொத்த சத்தமும் ம்யூட்டுக்குள்ள போய் நடு ஓட்டை வழியாத்தான் வரணும். மைல்ஸ் டேவிஸ் அந்த ஓட்டைல இருக்கற குழாயை உருவிட்டு வாசிப்பார். பக்கத்துல உக்காந்து ரகசியம் பேசற மாதிரி இருக்குமே, அந்தச் சத்தம்.

ஆக, ம்யூட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் நடுவுல இருக்கற ஒரே உறவு இந்த கார்க்தான். அது தேஞ்சா ம்யூட் உள்ளே இறங்கிடும், சந்து குறையும், சத்தம் அடைக்கும். ஸ்ட்ரெயிட் ம்யூட் போட்டா ஏற்கெனவே ஸ்ருதி கொஞ்சம் ஏறித்தான் நிக்கும், இதுல அதுவும் நம்ம கணக்குக்கு வராம போயிடும். மூணுல ஒரு பட்டை கழண்டாலோ கேக்கவே வேணாம். பாட்டு நடுவுல டமால்னு மேடைல விழும். அலுமினியம்னா நசுங்கும். மொத்தக் கூட்டமும் உங்களைத்தான் பாக்கும்.

"கல்யாண பேண்டு செட்ல எவன்யா ம்யூட் போட்டு வாசிக்கிறான்"னு ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. தெருவுல வாசிக்க ம்யூட் வேணாம்தான். ஆனா சாதகம் பண்ண? எங்க வல்லக்கோட்டை கதையைக் கொஞ்சம் கேளுங்க. வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர்னா ஏழு அடி உசர முருகன், கிருத்திகைக் கூட்டம், அவ்வளவுதான். இங்கயே குடியிருக்கறவனுக்கு இது ஷிஃப்ட் ஊர். ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். லைன் வீடுகள்ல ஒரு ரூமுக்கு நாலஞ்சு பேர். நைட் ஷிஃப்ட் முடிச்சவர் காலைல எட்டு மணிக்கு வந்து படுப்பார். செகண்ட் ஷிஃப்ட்காரர் நடுராத்திரி தாண்டி வருவார். 24 மணி நேரத்துல எந்த மணியை எடுத்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் தூங்கிட்டு இருப்பார். அந்த மனுஷன் பத்து மணி நேரம் நின்னுட்டு வந்து படுத்திருக்கார், நாம போய் பக்கத்துல டிரம்பெட்டை ஊதினா அடிக்க வர மாட்டாரா? வரணும். வந்தா நியாயம் அவர் பக்கம்.

அதனால இங்க ம்யூட் ஆடம்பரம் இல்லை. ம்யூட் இருந்தாத்தான் சாதகமே. ப்ராக்டிஸ் ம்யூட்டும் ஹார்மன் மாதிரிதான், சுத்தி கார்க்கோ ரப்பரோ நுரையோ இறுக்கமா அடைக்கணும். ஒரு மூலைல விட்டுப் போனாலும் சத்தம் அது வழியா ஓடிடும். கார்க் போனா சாதகம் போச்சு. சாதகம் போனா மூணே மாசத்துல உதடு மறந்துடும். எங்க கூட வாசிச்ச ஒரு பையன் இப்படித்தான் விட்டான். புதுசு வாங்கக் காசு இல்லை, பழசை ஒட்டலாம்னு சொல்லித் தர ஆளும் இல்லை. டிரம்பெட் இப்போ அவங்க வீட்டுப் பரண்ல. "விடு மச்சி, புதுசு வாங்கிக்கலாம்"னு சொல்றப்ப அந்தப் பையனையும் சேர்த்து நினைச்சுக்குங்க.

இப்ப கார்க்கைப் பத்தி ரெண்டு வார்த்தை. இது ஏதோ பாட்டில் மூடற அற்பப் பொருள்னு நினைச்சுட்டு இருக்கோம். கார்க் ஓக்னு ஒரு மரத்தோட பட்டை இது, உலக உற்பத்தில பாதி போர்ச்சுகல்ல இருந்து வருது. மரத்தை வெட்டறதில்லை, பட்டையை மட்டும் உரிப்பாங்க. மரம் நட்டு சுமார் 25 வருஷம் கழிச்சுத்தான் முதல் உரிப்பு. அப்புறம் ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை. அதுலயும் மூணாவது உரிப்புலதான் நல்ல தரமான கார்க் கிடைக்கும். கூட்டிப் பாருங்க, 40 வருஷத்துக்கு மேல. 1665ல ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்ல பாத்து 'செல்'னு பேர் வச்சாரே, அவர் பாத்தது இந்தத் தக்கையைத்தான்.

மெக்கானிக்கல் மக்களே, பாய்சான் ரேஷியோ படிச்சீங்களே ஞாபகம் இருக்கா? ரப்பரை ஒரு பக்கம் அமுக்கினா இன்னொரு பக்கம் பிதுங்கும், அதோட ரேஷியோ கிட்டத்தட்ட 0.5. கார்க்குக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். அமுக்கினா அமுங்கும், பக்கவாட்டுல பிதுங்காது, விட்டா திரும்ப எழும்பும். அதான் டிரம்பெட் வாயில கச்சிதமா உக்காருது. பரீட்சைல இதுக்கு ரெண்டு மார்க் வாங்கிட்டு, கைல அதே பொருள் கழண்டு வந்தா குப்பைத் தொட்டியைத் தேடறீங்க. என்னத்த சொல்ல!

நிற்க. புதுசு வாங்கு கோஷ்டியை விட எனக்குப் பெரிய எரிச்சல் ஃபெவிக்விக் கோஷ்டி மேலதான். இவங்க கடாச மாட்டாங்க, அந்த மட்டுக்கும் சந்தோஷம். ஆனா ஒரு சொட்டு விட்டு அஞ்சு செகண்ட்ல ஒட்டிட்டு "எப்புடி!"ன்னு பாப்பாங்க. அந்தப் பசை கார்க்குக்குள்ள ஊறி கல்லா இறுகிடும். கார்க்கோட உசுரே அதோட மெத்து மெத்துதான், அதையே கொன்னுட்டு ஒட்டி என்ன பிரயோஜனம்? போதாததுக்கு அந்த ஒட்டு நொறுங்கற ஜாதி, ஒரு தடவை கீழ விழுந்தா பட்டுனு விட்டுடும். அடுத்து ஒழுங்கா ஒட்ட வர்றவன் அந்த இறுகின பசையைச் சுரண்டறதுக்குள்ள அவனுக்கு நாக்கு தள்ளிடும்.

சரி, எப்படித்தான் ஒட்டறது? ராக்கெட் சயின்ஸ் இல்லை. பழைய கார்க்கையும் பழைய பசையையும் மழுங்கின பிளேடால சுத்தமா சுரண்டுங்க. உலோக ம்யூட்னா கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைக்கலாம். பிளாஸ்டிக், ஃபைபர், பெயின்ட் அடிச்சது எதுக்கும் தின்னர் பக்கமே போகாதீங்க, உருகிடும், இல்லை பெயின்ட் வந்துடும். அப்புறம் உப்புத்தாள் போட்டு லேசா சொரசொரப்பாக்கணும். பசைக்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசை. வெள்ளை ஃபெவிகால் இல்லை, அது மரத்துக்கு. செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கேட்டாலும் சரியானதைக் காட்டுவார். ரெண்டு பக்கமும் மெலிசா தடவி, பத்து பதினஞ்சு நிமிஷம் விடுங்க. தொட்டா விரல்ல ஒட்டக் கூடாது, அப்பத்தான் அமுக்கணும். பஞ்சர் கடைல சொல்யூஷன் தடவி ஊதி ஊதிக் காய வைப்பாரே, அதே டெக்னிக். பட்டபிறகு நகர்த்த முடியாது, அதனால எங்க ஒட்டணும்னு பென்சில்ல முன்னாடியே கோடு போட்டுக்குங்க. ஒரு ராத்திரி அப்படியே கட்டி வச்சுடுங்க.

கார்க் ஷீட்டுக்கு எங்க போறதுன்னு ஒரு கேள்வி வரும். அடப் பாவிகளா, நாம இருக்கறது எந்த ஊர்ல? இன்ஜின் கேஸ்கட்டுக்கு காலங்காலமா கார்க் ஷீட்தானே. பழைய பஜாஜ் ஸ்கூட்டர் கிளட்ச் பிளேட்ல கூட கார்க்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கேஸ்கட் ஷீட் விக்கிற கடைல ஒரு துண்டு கேளுங்க. ரப்பர் கலந்த கார்க்கும் தருவாங்க, வேணாம்னு சொல்லி சுத்த கார்க் தூள்ல அழுத்தினதா வாங்குங்க. ரப்பர் கலந்ததைத் தேய்ச்சு வடிவத்துக்குக் கொண்டு வர்றது பெரும்பாடு. தேவையை விடக் கொஞ்சம் தடிமனா வாங்கறது நல்லது, தேய்ச்சுக் குறைக்கலாம், தேய்ச்சதைக் கூட்ட முடியாது. ஒட்டினதும் உப்புத்தாள்ல கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு, சொருகிப் பாத்து, திரும்பத் தேய்ச்சு... மூணு பட்டையும் ஒரே நேரத்துல தொடணும். இதுக்கு மட்டும் அரை மணி நேரம் பொறுமை வேணும்.

"அந்த அரை மணி நேரத்துக்கு என்ன விலை"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. இதுதான் ரொம்பப் படிச்சவங்க வாதம். நேரம்னா பணமாம். அதே ஆள் பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் ரீல்ஸ் தள்ளிட்டு நிக்கறப்ப இந்தக் கணக்கு எங்க போச்சு? அதுவும் இல்லாம, நல்ல ம்யூட்டெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, ஆயிரக்கணக்குல விலை. கார்க்கும் பசையும் சேர்த்து ஒரு பிரியாணிக் காசு கூட வராது, மிச்சத்துல இன்னும் நாலு ம்யூட் ஒட்டலாம்.

எங்க கல்லூரி மியூசிக் கிளப் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன் (பேர் வேணாம், நான் இன்னும் டிகிரி வாங்கலை). ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ரெண்டு ம்யூட், ரெண்டுக்கும் நேரா 'டேமேஜ்'னு எழுதி கழிச்சுக் கட்டிட்டாங்க. டேமேஜ் என்ன? ஒண்ணுல ஒரு கார்க் இல்லை, இன்னொண்ணுல ரெண்டு. மாடிக்குக் கீழ லேத், மில்லிங், கிரைண்டிங் எல்லாம் இருக்கற முழு வொர்க்‌ஷாப். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பொரி. பொட்டு வச்ச ஸ்க்ரூடிரைவர் மத்த நாள்ல பீரோவை விட்டு வெளிய வர்றதில்லை.

நம்ம ஊர் சங்கீதத்துக்கு இந்தப் புத்தி எப்பவும் இருந்ததில்லை. எந்தக் கோயில் நாகஸ்வரக்காரரையும் பாருங்க, வாத்தியத்துலயே மாத்துச் சீவாளியும் அதைச் சரி பண்ற ஊசியும் தொங்கும். சீவாளி மக்கர் பண்ணினா அங்கயே உக்காந்து சரி பண்ணிப்பார். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கிடைச்சது, கை தட்டினோம். மிருதங்கக்காரர் ஒவ்வொரு கச்சேரிக்கும் தொப்பில புதுசா ரவையைப் பிசைஞ்சு அப்புவார். வாத்தியம் வாசிக்கிறதுன்னா அதைப் பராமரிக்கிறதும் சேர்ந்துதான்னு அவங்களுக்கு யாரும் தனியா கிளாஸ் எடுக்கலை. டிரம்பெட் வெள்ளைக்காரன் பட்டாளத்தோட வந்த வாத்தியம்னு அதுக்கு மட்டும் சலுகையா? மீரட்ல 1885லயே நாதிர் அலி கம்பெனி ஆரம்பிச்சு இன்னிக்கும் அந்த ஊர்ல பேண்டு வாத்தியம் பண்றாங்க. இது நம்ம வாத்தியம் ஆகி ரொம்ப நாளாச்சு.

2022 ஜூலைல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ரிப்பேர் பண்ற உரிமைக்காக ஒரு குழு போட்டாங்க, அதே வருஷம் டிசம்பர் 24ல வெப்சைட்டும் திறந்தாங்க. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு சாமான், வண்டி, இந்த நாலும்தான் லிஸ்ட்ல. நல்ல விஷயம். ஆனா கம்பெனிக்காரன் ஸ்பேர் தரமாட்டேங்கறான்னு சண்டை போடற இடம் அது. ம்யூட் விஷயத்துல எவனும் நம்மைத் தடுக்கலை. ஸ்பேர் இருக்கு, பசை இருக்கு, பூட்டு கிடையாது, சாஃப்ட்வேர் கிடையாது. நாமதான் கையை நீட்டலை.

எங்க ஏரியால இந்த "மாத்திடு" புத்தி எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. லைன்ல ஒரு போல்ட் லூசானா மெயின்டனன்ஸ் ஆள் ஓடி வருவார். அதே லைன்ல நிக்கிற கான்ட்ராக்ட் பையனுக்கு முதுகு போச்சுன்னா அடுத்த பஸ்ல வேற பையன். நோக்கியா 2006ல வந்தது, 2014 நவம்பர்ல மூடிட்டுப் போனது, ஆயிரக்கணக்கான பேர் நடுத்தெருவுல. மாத்திடலாம்ங்கறதை இந்த ரோட்டுல பொருளுக்கு மட்டும் சொல்றதில்லை. அதைக் காதுல கேட்டே வளந்த நாமளும் அதையே திருப்பிச் சொல்லணுமா என்ன?

என்கிட்ட கார்க் ஷீட் அரை அடிக்கு அரை அடி மிச்சம் இருக்கு, பசையும் முக்கால் டப்பா. வகுப்புல யார்கிட்டயாவது கழண்ட ம்யூட் இருந்தா சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு வாங்க, ஒட்டறது நீங்க, பக்கத்துல உக்காந்திருக்கறது நான். ஹார்மனா இருந்தா ஒரு மணி நேரம் கூடுதலா ஒதுக்கிட்டு வரணும். வளையத்தோட ரெண்டு முனையையும் சாய்வா சீவி ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டணும், அங்க ஒரு மயிரிழை சந்து விட்டாலும் பக்கத்து ரூம் அண்ணன் எழுந்துடுவார்.