பொம்மை பேசியது, ஊரே கேட்டது!

ஒரு பொம்மை பேசுகிறது. எதிரே நிற்கும் பெண்மணி பதில் சொல்கிறார். இதைப் பார்க்கக் குழந்தைகள் மட்டுமா உட்கார்ந்தார்கள்? அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் உட்கார்ந்தார்கள்!

அமெரிக்காவில் டெலிவிஷன் புதிதாகப் பரவிய காலம் அது. 1947-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி சிகாகோ நகரில் ஒரு பொம்மலாட்டம் டெலிவிஷனில் தொடங்கியது. பின்னர் "குக்லா, பிரான், ஆலி" என்ற பெயரில் நாடெங்கும் புகழ் பெற்றது.

குக்லா, மொட்டைத் தலையும் உருண்டை மூக்கும் உள்ள பொம்மை. ஆலி, ஒற்றைப் பல் டிராகன். டிராகன் என்பது மேல்நாட்டுக் கதைகளில் நெருப்பைக் கக்கும் பயங்கரப் பிராணி. ஆனால் ஆலியைக் கண்டு எந்தக் குழந்தையும் பயப்படவில்லை!

பிரான் பொம்மை அல்ல. பிரான் அலிசன் என்ற நடிகை.

<b>ஒரே மனிதர்</b>

திரைக்குப் பின்னால் இருந்தவர் பர் டில்ஸ்ட்ராம். 1936-ல் குக்லாவைச் செய்தவர் அவர்தான். ரஷ்ய நடன மங்கை ஒருவர் அதைப் பார்த்து, "குக்லா!" என்றார். ரஷ்ய மொழியில் அதற்குப் "பொம்மை" என்று அர்த்தம். அதுவே பெயராகிவிட்டது.

எல்லாப் பொம்மைகளையும் ஆட்டியவர் அவர் ஒருவரே. எல்லாக் குரல்களும் அவருடையவையே. எழுதி வைத்த வசனம் கிடையாது. பொம்மை என்ன பேசுமோ, அதைக் கேட்டுத்தான் பிரான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அவர் உண்மையாகவே காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பொம்மைகளுக்கு உயிர் வந்தது அதனால்தான்.

<b>குவிந்த கடிதங்கள்</b>

1951 நவம்பரில், அரை மணி நேர நிகழ்ச்சியைக் கால் மணி நேரமாகக் குறைத்தார்கள். ஜனங்களுக்கு வந்ததே கோபம்! ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன.

1957 ஆகஸ்டு 30-ந் தேதி அந்தத் தொடர் நின்றது. ஆனாலும் ஜனங்கள் மறக்கவில்லை. 2009-ல் அமெரிக்கத் தபால் இலாகா குக்லா, பிரான், ஆலி படத்துடன் தபால் தலை வெளியிட்டது.

கால் மணி நேரம் போனதற்கு அத்தனை கடிதங்கள்! நம் வீட்டில் என்ன நடக்கிறது? குழந்தை ஏதோ சொல்ல ஓடி வருகிறது. "அப்புறம் வா" என்கிறோம். கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைக்கிறோம். குழந்தைக்கு உரிய கால் மணி நேரத்தை நாமே வெட்டிவிடுகிறோம். அதைக் கண்டித்து யார் கடிதம் எழுதுவார்கள்? குழந்தைக்கு எழுதத் தெரியாதே!

பொம்மை பேசியதையே ஒரு பெண்மணி காது கொடுத்துக் கேட்டார். நம் குழந்தை பேசுவதை நாம் கேட்க வேண்டாமா?