பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைகளின் லிம்போமாவும் பெட்-சிடி ஸ்கேனும்: ஒரு நிலைப்பாடு

நோயெதிர்ப்புக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் லிம்போமாவே முதன்மையானது. எப்ஸ்டீன்-பார் வைரஸை உடல் அடக்க முடியாமல் போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நோய் எங்கெல்லாம் பரவியுள்ளது, மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்பதை அறிய இன்று பெட்-சிடி ஸ்கேன் பரவலாக எடுக்கப்படுகிறது. அந்த ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு என்பதால், இக்குழந்தைகளுக்கு மட்டும், குறைபாடு எந்த மரபணுவில் என்று கேட்ட பிறகே அதற்கு எழுதிக்கொடுக்க வேண்டும்.

அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா நோயில் பழுதடைவது, 1995இல் கண்டறியப்பட்ட ஏடிஎம் மரபணு. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அறுபடும்போது சீரமைப்பைத் தொடங்கிவைப்பது அதன் வேலை. அது செயலிழந்த செல்கள் எக்ஸ் கதிரையோ காமா கதிரையோ தாங்குவதில்லை. இந்நோய் இருப்பது தெரியாமல் வழக்கமான அளவில் கதிர் சிகிச்சை பெற்ற குழந்தைகள் கடும் திசுச் சிதைவால் இறந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. நைமேகன் முறிவு நோயும், ஆர்ட்டெமிஸ், லிகேஸ் 4 குறைபாடுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. ஸ்கேனின் கதிரளவு சிகிச்சையின் அளவுக்கு அருகில்கூட வராது என்பது உண்மை. ஆனால் ஸ்கேன் ஒருமுறையோடு முடிவதில்லை; சிகிச்சை நெடுகத் திரும்பத் திரும்ப எடுக்கப்படுகிறது.

எனவே கதிர் தாங்காத இக்குழந்தைகளுக்கு முழுஉடல் எம்ஆர்ஐயும் அல்ட்ராசவுண்டும் முதலில் வர வேண்டும். எம்ஆர்ஐக்கு நேரம் பிடிக்கும். சிறு குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும். நுரையீரல் நலிந்திருந்தால் அதிலும் ஆபத்து உண்டு. அனுபவமுள்ள மயக்கவியல் மருத்துவர் உடனிருப்பது கட்டாயம். கிடைக்கும் விடை சிகிச்சையையே மாற்றும் என்றால் மட்டும் பெட் எடுக்கலாம்; அதனுடன் எடுக்கும் சிடி குறைந்த கதிரளவில் அமைய வேண்டும். நோய் தணிந்த பின், அறிகுறி எதுவுமின்றி வெறும் கண்காணிப்புக்காக எடுப்பது ஏற்கத்தக்கதல்ல.

படத்தில் ஒளிரும் இடமெல்லாம் லிம்போமா அல்ல. பெட் ஸ்கேனுக்காகச் செலுத்தப்படும் எஃப்டிஜி என்பது ஃபுளூரின்-18 ஏற்றிய சர்க்கரை. சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் எந்தச் செல்லும் அதை எடுத்துக்கொள்ளும். அடிக்கடி கிருமித்தொற்றுக்கு ஆளாகும் இக்குழந்தைகளுக்குத் தொற்றால் நெறி கட்டினால் அதுவும் ஒளிரும். இந்தியாவில் பிறந்தவுடன் இடது தோளில் பிசிஜி தடுப்பூசி போடப்படுவதால், எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தையின் இடது அக்குளில் நெறி கட்டிப் படத்தில் புற்றுநோய்போலவே தெரியக்கூடும். பெட் படத்தை மதிப்பிடும் ஐந்து புள்ளி டோவில் அளவுகோல் ஒளிர்வின் செறிவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. திசுச் சோதனை இல்லாமல் லிம்போமா என்று முடிவெடுப்பதும், படத்தை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டுவதும் தவறு.

விஸ்காட்-ஆல்ட்ரிச் போன்ற குறைபாடுகளில் டிஎன்ஏ சீரமைப்பு பழுதடைவதில்லை. அக்குழந்தைகளுக்கு அச்சத்தால் பெட்-சிடியை மறுப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. எடைக்கேற்ற அளவில் எஃப்டிஜி செலுத்தி, மற்ற குழந்தைகளுக்கு எடுப்பதுபோலவே எடுக்கலாம்.

ஸ்கேன் கோரும் படிவத்தில் மரபணுக் குறைபாடு, அண்மையில் வந்த தொற்றுகள், போட்ட தடுப்பூசிகள் ஆகியவை இடம்பெற வேண்டும். மரபணு முடிவு வராத நிலையில், நடை தள்ளாடி, இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் உயர்ந்திருந்தால், அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியாவைச் சந்தேகித்து, மாறாக நிரூபணமாகும்வரை அக்குழந்தையைக் கதிர் தாங்காத குழந்தையாகவே நடத்த வேண்டும்.