எதிர்க்கடை இருந்தா 20 ரூபாய், இல்லன்னா 25

போன மாசம் ஒரு ராத்திரி, மணி ஒன்பதே முக்கால். மறுநாள் மாடல் எக்ஸாம். பக்கத்து ரூம் ஜூனியர் ஒருத்தி கதவைத் தட்டி, "அக்கா, ஒரு 10 ரூபா இருக்குமா?"ன்னு கேட்டா. அவளுக்கு அவசரமா நாப்கின் வேணும். பாக்கெட்ல அச்சடிச்ச விலை 45 ரூபா, அவ கையில சரியா 45 ரூபா இருக்கு. ஆனா ஹாஸ்டல் ஸ்டோர்ல அது 55. ராத்திரி நேரத்துல ஜிபே வாங்க மாட்டாங்க, காசுதான். 10 ரூபாயைக் கொடுத்து அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் எனக்குப் படிப்பு ஓடல.

கேட்டுக்கு வெளிய, ரோட்டைத் தாண்டினா அண்ணாச்சி கடை. அங்க அதே பாக்கெட் 45 ரூபா. கடை பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். பசங்க ஹாஸ்டல்ல இருந்து ஒன்பது மணி வரைக்கும் போயிட்டு வரலாம். எங்க கேட்டை ஆறரைக்கே பூட்டிடுவாங்க.

அன்னைக்கு ராத்திரியே போன்ல ஒரு நோட் ஆரம்பிச்சேன். ஸ்டோர்ல நான் வாங்குற ஒவ்வொரு பொருளுக்கும் அச்சடிச்ச விலை என்ன, நான் கொடுத்தது என்னன்னு எழுதிட்டு வந்தேன். 20 ரூபா தண்ணி பாட்டில் 25. 15 ரூபா நூடுல்ஸ் 20. 10 ரூபா பிஸ்கட் 12. ஒரு மாசத்துல 38 பொருள், கூடுதலா கொடுத்தது 212 ரூபா. எங்க பிளாக்ல 300 பேர். எல்லாரும் என்னை மாதிரி நொறுக்குத்தீனி தின்ன மாட்டாங்க, அதனால அதுல பாதின்னே வெச்சுக்குவோம். அப்பவும் மாசத்துக்கு 30 ஆயிரத்துக்கு மேல வருது. ஒரு பிளாக்ல மட்டும்.

"இந்தக் காலத்துல எல்லாமே விலை அதிகம்"ன்னு நாம சாதாரணமா சொல்லிட்டுப் போயிடுறோம். எனக்கு அது சரியாப் படல. எல்லாமே விலை அதிகம் இல்ல. சில பொருள் நம்ப முடியாத அளவுக்கு மலிவு, சிலது அநியாய விலை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் என்னன்னு யோசிச்சுப் பார்த்தேன். எனக்குக் கிடைச்ச பதில் ஒரே வார்த்தை: எதிர்க்கடை. நமக்கு இன்னொரு இடத்துக்குப் போக வழி இருக்கா இல்லையாங்கிறதுதான் பாதி விலையை முடிவு பண்ணுது. செய்யிற செலவு அதுக்கு அப்புறம்தான்.

ஷாம்பூவை எடுத்துக்கோங்க. பெரிய பாட்டிலா வாங்கினா லாபம்னுதான் வீட்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஒரே பிராண்ட்ல 2 ரூபா பாக்கெட்டையும் பாட்டிலையும் பக்கத்துல வெச்சுக் கணக்கு போட்டேன். பாக்கெட்ல 5.5 மில்லி, அதாவது மில்லிக்கு 36 பைசா. பாட்டில் 175 மில்லி 150 ரூபா, மில்லிக்கு 86 பைசா. பாட்டில்தான் ரெண்டு மடங்குக்கும் மேல! ரெண்டு தடவை வகுத்துப் பார்த்தேன், கால்குலேட்டர் தப்பில்ல.

ஏன் இப்படி? பெட்டிக்கடையில அஞ்சாறு கம்பெனியோட பாக்கெட் சரம் சரமா பக்கத்துப் பக்கத்துல தொங்குது. ஒருத்தன் 50 பைசா ஏத்தினா கை அடுத்த சரத்துக்குப் போயிடும். இந்தச் சண்டையை ஆரம்பிச்சு வெச்ச ஊர்கள்ல நம்ம கடலூரும் ஒண்ணு. சின்னிகிருஷ்ணன் அங்கதான் ஷாம்பூவைப் பாக்கெட்ல அடைச்சு விக்கிற யோசனையைப் பிடிச்சாரு. அவரோட மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15 ஆயிரம் ரூபாயோட சிக் ஷாம்பூ ஆரம்பிச்சாரு. பெரிய கம்பெனிகளும் பாக்கெட் விலையில இறங்கி வர வேண்டியதாச்சு. பாட்டிலுக்கு அந்தப் போட்டி இல்ல. சூப்பர் மார்க்கெட்டோட ஏசியில, வாசனையையும் லேபிளையும் பார்த்து எடுக்கிறவங்க மில்லிக்கு எவ்வளவுன்னு வகுக்கப் போறதில்லைன்னு கம்பெனிக்குத் தெரியும். (பாக்கெட்டால சேருற பிளாஸ்டிக் குப்பை தனிப் பிரச்சினை. அதை நான் மறக்கல.)

அடுத்து தியேட்டர். ரோட்ல 20 ரூபாய்க்குச் சோளப்பொரி கிடைக்கும், உள்ள போனா 200-க்கும் மேல. தமிழ்நாட்டுல டிக்கெட் விலைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வெச்சிருக்கு. டிக்கெட் காசுல பெரிய பங்கு படம் எடுத்தவங்களுக்கும் விநியோகஸ்தருக்கும் போயிடும். கேன்டீன் காசுல அவங்களுக்குப் பங்கு இல்ல, பாப்கார்னுக்கு உச்சவரம்பும் இல்ல. அது கண்ணு முன்னாடி பொரிச்சுக் கொடுக்கிற பொருள்ங்கிறதால எம்.ஆர்.பி.யும் கிடையாது. தியேட்டருக்கு வரவேண்டிய லாபம் இடைவேளையில வருது. வெளியில இருந்து சாப்பாடு கொண்டு வர்றதைத் தியேட்டர்காரங்க தடுக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில சொல்லிடுச்சு. அதே வழக்குல, குடிக்கத் தண்ணி இலவசமா வைக்கணும்னும் சொன்னாங்க. அடுத்த தடவை போகும்போது தண்ணி எங்க வெச்சிருக்காங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் பாத்ரூம் பக்கத்துல, கண்ணுக்குத் தெரியாத மூலையில இருக்கும். ஆனா இருக்கும்.

ஆன்லைன்ல டிக்கெட் போட்டா கன்வீனியன்ஸ் ஃபீ. ஒரு டிக்கெட்டுக்கு எடுத்தா ஒரு தடவை, நாலு டிக்கெட்டுக்கு எடுத்தா நாலு தடவை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச என்கிட்ட கேட்டா, நாலு சீட்டை ஒரே பேமென்ட்ல புக் பண்ண சர்வருக்கு நாலு மடங்கு வேலை வராது. முதல் நாள் முதல் ஷோவுக்குக் கவுன்டர்ல போய் நின்னா "ஆன்லைன்ல ஃபுல்"ன்னு சொல்லிடுவாங்க. அங்கயும் எதிர்க்கடை இல்ல.

பிரின்டரும் இதே கதைதான், ஆனா முடிவு வேற. பிரின்டரை மலிவா வித்துட்டு மை டப்பாவுல காசு பாக்கிறது பழைய தந்திரம். வேற கம்பெனி டப்பாவைப் போட்டா கண்டுபிடிக்கிறதுக்கு அதுல ஒரு சிப் வேற. ஆனா ஆசியாவுல பல ஊர்ல கடைக்காரங்க டப்பாவுல ஓட்டை போட்டு, டியூப் மாட்டி, வெளியில மை பாட்டிலைத் தொங்கவிட்டு ஓட்ட ஆரம்பிச்சாங்க. அதைப் பார்த்துட்டு எப்சன் கம்பெனியே 2010-ல் இந்தோனேசியாவுல மை ஊத்துற டேங்க் வெச்ச பிரின்டரை இறக்குச்சு. இன்னைக்கு நம்ம பிராஜெக்ட் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் கடையில குறைஞ்ச விலைக்குக் கலர் பிரின்ட் எடுக்கிறோம்னா, அந்த ஓட்டை போட்டவங்களுக்கும் அதுல பங்கு இருக்கு. எதிர்க்கடையை யாராவது உண்டாக்கணும். அது தானா வராது.

இப்போ ஹாஸ்டலுக்குத் திரும்ப வருவோம். இங்க சட்டம் தெளிவா இருக்கு. பாக்கெட்ல இருக்கிற எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை. 1990-க்கு முன்னாடி "உள்ளூர் வரி தனி"ன்னு அச்சடிச்சுட்டு, கடைக்கு ஒரு விலை வாங்கிட்டு இருந்தாங்க. அதை நிறுத்தத்தான் வரியும் உள்ள சேர்ந்த விலையை அச்சடிக்கணும்னு விதி வந்துச்சு. சில்லறைக் கடையில அதுக்கு மேல ஒரு ரூபா வாங்கினாலும் தப்பு. "கூலிங் சார்ஜ்"ங்கிறதும் அதுல அடக்கம், ஃபிரிட்ஜ் கரன்ட் பில்லை நாம தனியா கட்ட வேண்டியதில்ல. ஓட்டல்ல மட்டும் கூடுதலா வாங்கலாம்னு 2017 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். உட்கார இடம், பரிமாற ஆள், சேவை எல்லாம் சேர்ந்து வருதுன்னு அதுக்குக் காரணம். எங்க ஸ்டோர்ல ஒரு ஜன்னல், ஒரு டியூப் லைட். உட்கார ஸ்டூல் கூட கிடையாது.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடணும். எம்.ஆர்.பி.யை அரசாங்கம் நிர்ணயிக்கிறதா நான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். இல்ல, கம்பெனியேதான் போட்டுக்குது. ஆன்லைன்ல இயர்போனுக்கு 3,990-ன்னு போட்டு அடிச்சுவிட்டு, 999-க்குத் தள்ளுபடின்னு காட்டுறது அதனாலதான். அதனால எம்.ஆர்.பி.யில வாங்கினாலே நியாயமான விலைன்னு ஆகிடாது. அது ஒரு கூரை. நமக்கு அந்தக் கூரை கூட இல்லைங்கிறதுதான் என் பிரச்சினை.

ஒரு நாள் மதியம் கூட்டம் இல்லாத நேரமா பார்த்து ஸ்டோர் அக்காகிட்டயே கேட்டேன். திட்டுவாங்கன்னு பயந்துட்டுத்தான் போனேன். திட்டல.

"நான் என்னம்மா பண்ணட்டும்? இந்த ரூமுக்கு வாடகை, கரன்ட், டெண்டர் காசு எல்லாம் கட்டணும். லீவுல மூணு மாசம் வியாபாரமே கிடையாது, வாடகை மட்டும் உண்டு."

"அதுக்காக நாப்கினுக்குமா அக்கா?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "கேட்டை ஒன்பது மணி வரைக்கும் திறந்து வெச்சா நானே குறைச்சுடுவேன்மா. இல்லன்னா என்கிட்ட யாரு வாங்குவா?"

நான் இவ்வளவு பெரிய கட்டுரையில சொல்ல வந்ததை அந்த அக்கா ரெண்டு வரியில சொல்லிட்டாங்க. பசங்க ஹாஸ்டல் ஸ்டோர்ல அதே தண்ணி பாட்டில் 20 ரூபாய்தான். விசாரிச்சுட்டேன். அங்க இருக்கிறவரு நல்லவரு, இந்த அக்கா கெட்டவங்கன்னு அர்த்தம் இல்ல. அவருக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி இருக்காரு, இவங்களுக்கு இல்ல. எங்க பாதுகாப்புக்காகன்னு சொல்லித்தான் ஆறரை மணிக்குப் பூட்டு போடுறாங்க. அந்தப் பூட்டுக்கு மாசம் 212 ரூபா நான் கட்டிட்டு இருக்கேன்.

"5 ரூபா, 10 ரூபாதானே, இதுக்கு ஒரு கட்டுரையா?"ன்னு சில பேரு கேக்கலாம். எங்க அப்பா அனுப்புற காசுல எனக்கு 212 ரூபா பெரிசா தெரியாம போகலாம். ஆனா முதல் பட்டதாரி சலுகையில படிக்கிற, வீட்ல இருந்து மாசம் 500 ரூபா மட்டும் வர்ற பொண்ணுங்க எங்க மாடியிலயே இருக்காங்க. 45 ரூபாயைக் கையில வெச்சுக்கிட்டு 10 ரூபாய்க்கு இன்னொரு கதவைத் தட்ட வேண்டி வந்தது அப்படி ஒருத்திக்குத்தான்.

புகார் கொடுக்க வழி இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டுல இதைப் பார்க்க வேண்டியது தொழிலாளர் துறை, கடைகள்ல ஆய்வு பண்ணுறதும் அவங்கதான். ஆனா நான் இன்னும் கூப்பிடல. ஆய்வுக்கு ஆள் வந்தா அபராதம் அந்த அக்கா தலையில விழும், டெண்டரும் பூட்டும் அப்படியேதான் இருக்கும். அதனால முதல்ல நிர்வாகத்துகிட்டயும் நம்ம மாணவர் மன்றத்துகிட்டயும் மூணு விஷயம் கேக்கிறேன்.

ஒண்ணு, ஸ்டோர் ஜன்னல்ல விலைப் பட்டியல் ஒட்டணும். எம்.ஆர்.பி.க்கு மேல வாங்கக் கூடாதுன்னு டெண்டர்லயே எழுதுங்க, அதுக்கு ஏத்த மாதிரி வாடகையைக் குறைங்க. மாணவிகளுக்கு நடத்துற கடையில காலேஜ் லாபம் பார்க்க வேண்டாம்.

ரெண்டு, கேட் நேரம். பசங்களுக்கு ஒன்பதுன்னா எங்களுக்கும் ஒன்பது. ரோட்ல லைட் இல்லைன்னா லைட் போடுங்க.

மூணு, மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை. இது புது யோசனை இல்ல. சென்னையில திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம் 1904-லேயே ஆரம்பிச்சது. கடைக்காரங்க ஏமாத்துறாங்கன்னு புலம்பிட்டு இருக்காம, வாங்குறவங்களே கூடி கடை வெச்சாங்க. சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடிச்சு, ரெண்டாயிரம் பேருக்கு சாப்பாடு போட்டு, கணக்கை முடிக்கத் தெரிஞ்ச நமக்கு ஒரு பிஸ்கட் கடை நடத்தத் தெரியாதா?

அதுவரைக்கும் நீங்க பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. இன்னைக்கு வாங்குற பொருளைத் திருப்பிப் பாருங்க. எம்.ஆர்.பி. பக்கத்துலயே ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவுன்னு சின்ன எழுத்துல யு.எஸ்.பி.ன்னு போட்டிருக்கும். பெரிய பாக்கெட்டையும் சின்ன பாக்கெட்டையும் அதை வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஸ்டோர்ல கூடுதலா கொடுத்தா தேதியோட எழுதி வையுங்க. என் நோட்ல 38 வரி இருக்கு. 300 பேரோட நோட் சேர்ந்தா அதை எடுத்துக்கிட்டு வார்டன் ரூமுக்குப் போகலாம்.

எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கு. நோட்டை அந்த ஜூனியர்கிட்டயே கொடுத்துட்டுப் போறேன். முதல் வரியில அவளோட 10 ரூபாயையும் எழுதி வெச்சிருக்கேன்.