குடத்துக்குள் யார் பெயர்?

ஊர் மண்டபங்களைப் புதுப்பியுங்கள், பழம்பெருமையைக் கொண்டாடுங்கள் என்று குரல் எழுகிறது. எழட்டும். இடியும் சுவரைத் தாங்கிப் பிடிப்பது கடமை. எந்தப் பெருமையை, யாருடைய பெருமையை என்று கேட்பதும் கடமைதான், தோழர்களே!

தாம்பரத்தில் இரயிலேறிச் செங்கல்பட்டில் இறங்கி, பேருந்து பிடித்தால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் என்று பெயர் தாங்கி நிற்கிறது ஒரு கட்டடம். ஊர்ச் சபை கூடிய மண்டபம் அது. இந்தியத் தொல்லியல் துறை அதைக் காத்து வருகிறது, நல்லது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊராட்சித் தேர்தல் விதிகளை அதன் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். ஏட்டிலே எழுதினால் கரையான் தின்னும், இரவோடு இரவாகத் திருத்தவும் கை வரும். கல்லிலே அது நடக்காது!

முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்தார்கள். ஓலையிலே பெயரெழுதிக் குடத்திலே இட்டுக் குலுக்கி, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவன் மறுபடி வரக்கூடாது. இருந்தபோது கணக்குக் காட்டாதவன் வரவே கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய உறவினனும் கூடாது! இந்நாளைய காண்ட்ராக்டர் மைத்துனர்கள் அந்தச் சுவர்ப் பக்கம் போகாமலிருப்பது அவர்கள் உடம்புக்கு நல்லது.

சரி, சுவரை மேலும் படியுங்கள். கால் வேலிக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கருக்கு மேல், வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். ஊரின் பெயரே உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்! ஏரியிலே மண் வெட்டியவனுக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை. மண்டபத்துக்குக் கல் சுமந்தவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை.

குடத்தின் வாய் அகன்றது நேற்றுத்தான். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தாழ்த்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் ஊராட்சியில் இடம் ஒதுக்கியது. ஒதுக்கிய இடத்தில் உட்கார விட்டார்களா? 1997 ஜூனில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் முறையாகத் தேர்தல் நடக்க 2006 ஆயிற்று. சுவரிலே எழுதாத விதிக்கு அவ்வளவு ஆயுள்!

ஆகவே, மண்டபத்தைப் பேணுங்கள். அந்தச் சுவரின் முழு வாசகத்தையும் எளிய தமிழில் வாசலிலே எழுதி வையுங்கள். குடவோலையைக் காட்டிக் கால் வேலியை மறைத்தால் அதற்குப் பெயர் புதுப்பித்தல் அல்ல, பூச்சு வேலை.

இன்னொன்று. நம் தாம்பரத்துக்கு அப்பாலுள்ள ஊராட்சிகளின் கட்டடங்களுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்தச் சுவரிலே ஏரிக்கு எவ்வளவு, தெருவிளக்குக்கு எவ்வளவு, யார் கையில் கொடுத்தோம் என்று எழுதட்டும். ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டத்தை 2022-இல் ஆறாக்கியது தமிழ்நாடு அரசு. அடுத்த கூட்டத்தில் தோழர்கள் முதல் வரிசையில் அமர்ந்து, தேநீர் வருமுன்னே அந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.