பிச்சைச் சம்பளம்

குறிஞ்சாக்கேணியில் ஆசிரியனாக இருப்பவனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளியேயும் ஓர் உத்தியோகம் உண்டு. அதற்குச் சம்பளமும் இல்லை, ஓய்வும் இல்லை. மனு எழுதுவதே அந்த உத்தியோகம். வயலையும் கடலையும் நம்பி வாழும் எங்கள் ஊரில் எழுத்துத் தெரிந்தவன் வீட்டுத் திண்ணை, மாலை வேளையில் அரைக் கந்தோராகிவிடும்.

கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு மாலை அயல்வீட்டு மூத்தம்மா வந்தார். “மகன், பிச்சைச் சம்பளத்துக்கு ஒரு மனு எழுதித் தாங்க” என்றார்.

இப்பெயரை அறியாத வாசகருக்காக ஒரு சொல். அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுத்துவந்த பொதுசன மாதாந்த உதவிப்படிக்கு எம்மவர் இட்ட பெயர் பிச்சைச் சம்பளம். சிங்கள மக்கள் அதனைப் ‘பின்படி’ என்பர். புண்ணியத்துக்கு அளக்கும் படி என்பது பொருள். ஒரு மொழியிலே கொடுப்பவனுக்குப் புண்ணியம். மற்ற மொழியிலே வாங்குபவருக்குப் பிச்சை. உரிமை என்ற சொல் இரண்டிலும் இல்லை.

அந்த மனுவை நான் வழக்கம்போலவே எழுதினேன். வயது, விதவை, நோய், காணி இன்மை. பின்னர், இத்தகைய மனுக்களில் தவறாது இடம்பெறும் அந்த வாக்கியம்: ‘எனது பிள்ளைகள் என்னைப் பராமரிப்பதில்லை.’ கைநாட்டு வாங்குமுன் எழுதியதை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அந்த இடம் வந்ததும் மூத்தம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

“எண்ட புள்ளயள் என்னப் பாக்கல்ல எண்டு எழுதாதீங்க மகன். அப்படி வாற காசு எனக்கு வேணாம்.”

அவருடைய ஆண்மக்கள் இருவரும் பிறர் தோணியில் கூலிக்குப் போகிறவர்கள். மீன் பட்டால் உம்மாவுக்கும் பங்கு வரும்; வாடைக் காற்று எழுந்துவிட்டால் இரண்டு மாதங்களுக்கு அவர்கள் வீட்டிலேயே அடுப்பு எரியாது. ஆகவே நான் எழுதிய வாக்கியம் முழுப் பொய்யும் அன்று, மெய்யும் அன்று. ஆயினும் அதைத் தம் கைநாட்டால் உறுதிசெய்ய அந்தத் தாய் உடன்படவில்லை. கடதாசியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது? ஏழையைத் தாங்கும் கடமை முதலில் உறவினருக்கே என்பது 1601 ஆம் ஆண்டின் இங்கிலாந்து வறியோர் சட்டத்திலேயே உள்ள கொள்கை. இங்கிலாந்தே 1908 இல் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தை இயற்றி, எழுபது வயதைக் கடந்த எளியோருக்கு வாரத்துக்கு ஐந்து சிலிங் கொடுக்கத் துணிந்தது. அப்பணத்தை வறியோர் நிவாரண அதிகாரியிடம் கெஞ்சிப் பெறாமல் தபாற் கந்தோரில் பெறச் செய்ததே அச்சட்டத்தின் பெருமை. நாமோ தபாற் கந்தோரை எடுத்துக்கொண்டோம், கெஞ்சுதலையும் விட்டுவிடவில்லை.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டமே. கைவிடப்பட்ட பெற்றோர் தம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரிச் சபைமுன் முறையிட அது வழி செய்தது. பொருள் இருந்தும் ஈரமில்லாத மக்களுக்கு அச்சட்டம் வேண்டியதுதான். ஆனால் ஈரம் இருந்தும் பொருள் இல்லாத மக்களைப் பெற்றவர் எந்தச் சபைமுன் நிற்பார்?

இனி இன்றைய நிலை. 2023 இல் ‘அஸ்வெசும’ என்னும் திட்டம் தொடங்கியது. ஆறுதல் என்பது அப்பெயரின் பொருள். பிச்சை என்பதைவிட எவ்வளவோ மேல். குடும்பங்களை 22 சுட்டிகளால் அளந்து, வறுமையைத் தரம் பிரித்து உதவுவது அதன் முறை. கட்சிக்காரரின் கைப்பட்டியலைவிட எண்ணால் அளப்பது நேர்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. என் குறை வேறு. அளக்கப்படுவது குடும்பம், முதுமை அடைவதோ தனி ஆள்.

கிழக்கிலங்கை வழக்கம் அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். இங்கே மகளுக்கு வீடு கொடுத்தே கல்யாணம் செய்வோம். நாற்பது ஆண்டுகள் வயலிலும் கடலிலும் உழைத்த ஒருவர், அவ்வுழைப்பையெல்லாம் கல்லும் சீமெந்துமாக்கி மகள் பெயரில் எழுதிவிடுவார். பிறகு அந்த வீட்டின் திண்ணையிலோ குசினிப் பத்தியிலோ தம் பாயை விரிப்பார். கணக்கெடுக்க வருபவர் கண்ணுக்கு வீடு தெரியும், மின்விளக்கு தெரியும், மருமகனின் மோட்டார் சைக்கிள் தெரியும். வீட்டைப் பார்த்தால் வசதி. பாயைப் பார்த்தால் வறுமை. சுட்டிகள் பாயைப் பார்ப்பதில்லை.

தொகையைப் பற்றியும் சொல்லவேண்டும். எழுபது வயதைக் கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்கான கொடுப்பனவு பல ஆண்டுகள் மாதம் 2,000 ரூபாவாகவே இருந்தது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டபோதும் அதே 2,000 தான். 2024 இல் அது 3,000 ஆயிற்று. 2025 ஏப்ரலில் 5,000 ஆக்கப்பட்டது. உயர்த்தியவர்களுக்கு நன்றி சொல்வோம். ஆனால் விலைவாசி ஏறும்போதெல்லாம் தானும் ஏறவேண்டும் என்று சட்டத்தால் கட்டப்படாத தொகை, வரவுசெலவுத் திட்டம் வாசிப்பவரின் மனநிலையை எதிர்பார்த்தே கிடக்கும்.

இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒளியாது சொல்லவேண்டும். நான் அரசாங்க ஓய்வூதியம் வாங்குகிறவன். மாதந்தோறும் அது வங்கிக்கு வந்துவிடுகிறது. என் மகன் எங்கே உழைக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. என் வீட்டுக் கூரை ஓடா தகரமா என்று எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அந்தப் பணம் திறைசேரியிலிருந்து வருகிறது. திறைசேரிக்கு வரியிலிருந்து வருகிறது. 2024 முதல் 18 சதவீதமாயிருக்கும் பெறுமதி சேர் வரியைச் சவர்க்காரக் கட்டி வாங்கும் கிழவியும் என்னைப்போலவே செலுத்துகிறார். என் ஓய்வூதியத்தில் அவர் பங்கும் இருக்கிறது. எனக்கு வருவது உரிமை, அவருக்கு வருவது தருமம் என்று பிரித்தது எந்த நியாயம்?

விவசாயிகளுக்கு 1987 இலும் மீனவர்களுக்கு 1990 இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன என்று நண்பர்கள் நினைவூட்டுவர். வந்தன. அவை தவணைப் பணம் கட்டியவருக்கானவை. கூலித் தோணிக்காரனும் நெல் அவித்துக் குற்றிய பெண்ணும் எந்தத் தவணையைக் கட்டியிருப்பார்கள்?

ஆகவே என் துணிபு இது. குறித்த வயதை அடைந்த ஒவ்வொருவருக்கும், அவரவர் பெயரிலேயே, பிள்ளைகளைப் பற்றிய கேள்வி இன்றி அரசு ஒரு தொகையைக் கொடுக்கவேண்டும். என்னைப்போல் ஏற்கெனவே ஓய்வூதியம் பெறுவோரை விலக்கிவிடலாம். அதற்குப் பெயர்ப் பட்டியல் போதும், வீடு வீடாகப் போகவேண்டியதில்லை. பணக்காரக் கிழவனும் வாங்கிவிடுவானே என்பார்கள். வாங்கட்டும். அவன் ஒருவன் வாங்கிவிடக்கூடாதே என்று ஊரிலுள்ள கிழவிகளையெல்லாம் சோதனைக்கு நிறுத்துவதைவிட, வரியாக அவனிடம் திருப்பி வாங்குவது எளிது.

கடனில் மூழ்கி எழுந்த நாட்டுக்கு இது கட்டுமா என்ற கேள்வி நியாயமானது. நேபாளம் நம்மிலும் வறிய நாடு. 1995 அளவில், 75 வயதைக் கடந்தோருக்கு மாதம் நூறு ரூபா என்று அது தொடங்கியது. பின்னர் சிறிது சிறிதாக வயதைக் குறைத்துத் தொகையைக் கூட்டியது. 68 வயதில் மாதம் 4,000 நேபாள ரூபா என்னும் அளவுக்கு வந்தது. நாமும் உயர்ந்த வயதில் தொடங்கலாம். வயதை நிறுவுவது மட்டும் எங்கள் பக்கத்தில் சற்றுச் சிரமம். 2004 இன் ஆழிப்பேரலை பலருடைய பத்திரங்களையும் கொண்டுபோய்விட்டது. அதற்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி ஏற்கெனவே உண்டு.

எங்கள் ஊரவருக்கு இந்த எண்ணம் புதியதும் அன்று. ஸதகா மனமுவந்து கொடுப்பது. ஸகாத் கொடுத்தே தீரவேண்டியது. செல்வனின் பொருளில் ஏழைக்குள்ள பங்கு அது. பெறுபவர் அதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் சிறுவரும் அறிந்த இந்த வேறுபாட்டை அரசாங்கப் படிவம் இன்னும் அறியவில்லை.

சென்ற மாதம் ஒரு முதியவர் மேன்முறையீடு எழுதுவிக்க வந்திருந்தார். மகள்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். பெயரும் வயதும் எழுதினேன். அடுத்து, “பிள்ளைகள் எத்தனை பேர், உதவுகிறார்களா?” என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. மகள் எழுந்து, முற்றத்து வேம்படியில் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.