மதிப்பெண் தாளில் தோற்றிருக்கும் நீலம்

ஆராய்ச்சித் திட்டங்களுக்கு மதிப்பெண் போட்டு, பட்டியலின் தலையில் நிற்பவற்றுக்கு மட்டும் பணம் கொடுத்தால் வீண்செலவு இராது என்று நிறுவனங்களும் அரசுகளும் நம்புகின்றன. பயன் என்ன, சந்தை எவ்வளவு, எத்தனை ஆண்டில் லாபம் என்று படிவம் கேட்கிறது. இந்த நம்பிக்கை ஆராய்ச்சிக்குக் கேடு.

நீல எல்இடியின் கதையே இதற்குச் சாட்சி. 1980களின் இறுதியில் அதற்கு இரண்டு பொருட்கள் போட்டியிட்டன. ஜிங்க் செலினைடு, தான் வளரும் அடித்தட்டோடு ஏறக்குறைய பொருந்தும். படிகத்தில் பழுது குறைவு. காலியம் நைட்ரைடை நீலக்கல் தட்டில் வளர்த்தால் அணு இடைவெளி சுமார் 16 சதவீதம் பிசகும். ஒரு சதுர சென்டிமீட்டரில் கோடிக்கணக்கான பழுதுகள் சேரும். அப்படிப்பட்ட படிகம் உருப்படியாக ஒளிராது என்பதே அன்றைய பாடம். சோனி, 3எம் போன்ற பெரிய நிறுவனங்கள் செலினைடின் பின்னால் போயின. எந்தக் குழு மதிப்பெண் போட்டிருந்தாலும் நைட்ரைடு தோற்றிருக்கும். குழுவில் முட்டாள்கள் இருந்திருக்க வேண்டியதில்லை. அதுவரை தெரிந்ததை நேர்மையாகக் கூட்டிப் பார்த்தாலே போதும். கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானின் நகோயாவில் ஆய்வாளர்கள் அகசாகியும் அமானோவும் நைட்ரைடைக் கைவிடவில்லை. ஷிகோகு தீவின் நிச்சியா என்ற சிறிய ரசாயன நிறுவனத்தில் ஷூஜி நகமுராவும் அதையே பிடித்துக்கொண்டார். கூட்டமில்லாத துறையில் கட்டுரை எழுதி முனைவர் பட்டம் வாங்கலாம் என்பது அவர் சொன்ன காரணம்! எந்தப் படிவத்தில் அதை எழுதிப் பணம் வாங்க முடியும்? நிறுவனர் நொபுவோ ஒகாவா துணிந்து பணம் கொடுத்தார். அடுத்து வந்த தலைமை நிறுத்தச் சொன்னது, நகமுரா கேட்கவில்லை. 1993இல் பிரகாசமான நீல எல்இடி வந்தது, 2014இல் மூவருக்கும் நோபல். இன்று நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்இடி விளக்குக்குள் இருப்பது அந்த நைட்ரைடுதான்.

பிடிவாதம் பிடித்துத் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். நிறையப் பேர் இருப்பார்கள். யார் ஜெயிப்பார் என்பது எனக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது. அதனால்தான் சிறு சிறு தொகைகளைப் பல திசைகளில் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறேன். எல்லா நிறுவனங்களும் ஒரே படிவத்தை நிரப்பினால் எல்லாப் பணமும் ஒரே செலினைடில் போய் விழும்.

பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டாமா? வேண்டும். அரைகுறை விண்ணப்பங்களைக் குழு கழிக்கட்டும், செலவைத் தணிக்கை பார்க்கட்டும். மிஞ்சியவற்றில் 91க்கும் 89க்கும் வித்தியாசம் தெரிவதாகச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013இல் ஒரு வகை மானியத்துக்குத் தகுதியான விண்ணப்பங்களிடையே குலுக்கல் நடத்தத் தொடங்கியது. நம் ஆராய்ச்சி நிதியிலும் ஒரு பங்கை இப்படி ஒதுக்க வேண்டும்.